டிஸ்க் எரர்: தாத்தாவுக்கு ஒரு டிவிடி

(இந்த எபிசோடில் பேசியதை, வாசிக்க வசதியாகக் கொஞ்சம் சுருக்கித் தொகுத்திருக்கிறோம்.)

இந்த வாரம் ஒரு சின்ன கேள்வியோட ஆரம்பிக்கலாம். உங்க வீட்டுல டிவிடி போட்டுப் பார்க்கிற மாதிரி ஏதாவது ஒரு மெஷின் இருக்கா? லேப்டாப்ல அந்த டிரே வர்றது நின்னு ரொம்ப வருஷம் ஆச்சு. ஆனா தாத்தா பாட்டி வீட்டுக்குப் போய்ப் பாருங்க. டிவிக்குக் கீழே, துணி உறை போட்டு, மேலே ஒரு பிள்ளையார் பொம்மை வெச்சு, ஒரு டிவிடி ப்ளேயர் உட்கார்ந்திருக்கும். பல வீடுகள்ல அது இன்னும் வேலை செய்யும்.

போன மாதம் அடையாறிலிருந்து ஒரு தோழி போன் செய்தாள். அவளுடைய பாட்டிக்கு 75 வயது நிறைகிறது. குடும்பப் போட்டோக்களைச் சேர்த்து, பாட்டு போட்டு, ஒரு ஸ்லைடுஷோ வீடியோ செய்திருக்கிறாள். மந்தைவெளியில் இருக்கும் பாட்டிக்குக் கையாளத் தெரிந்தது டிவிடி ரிமோட் மட்டும்தான். அதனால் யுஎஸ்பி-யில் மாட்டுகிற டிவிடி டிரைவ் ஒன்றை வாங்கி, வீடியோவை டிஸ்க்கில் ஏற்றி, கொண்டுபோய்ப் போட்டிருக்கிறாள். டிவியில் வந்தது இரண்டே வார்த்தை: ‘டிஸ்க் எரர்’.

"நாலு டிஸ்க் வீணாப் போச்சு. நான் என்னதான் தப்பு பண்றேன்?" என்று கேட்டாள்.

எனக்குச் சிரிப்பு வந்துடுச்சு. ஏன்னா 2012-ல இதே தப்பை நான் பண்ணியிருக்கேன். அதோட இன்னொரு தப்பும் பண்ணினேன். அது தப்புன்னு எனக்கே தெரிய மூணு வருஷம் ஆச்சு. இன்னிக்கு ரெண்டையும் சொல்றேன்.

214 போட்டோ, 18 நிமிடம்

2012-ல் என் தாத்தாவுக்கு 80 வயது. மயிலாப்பூரில் சதாபிஷேகம். தாத்தாவும் பாட்டியும் கோட்டூர்புரத்தில், ஆற்றுக்குப் பக்கத்துத் தெருவில், தரைத்தள வீட்டில் இருந்தார்கள். நாங்கள் தி.நகரில், முதல் மாடியில். நான் அப்போது கல்லூரியில் படித்துக்கொண்டிருந்தேன். ‘பேரன் கம்ப்யூட்டர் தெரிஞ்சவன்’ என்பதால் ஸ்லைடுஷோ வேலை என் தலையில் விழுந்தது.

தாத்தா வீட்டு பீரோவின் கீழ்த்தட்டில் ஏழு ஆல்பம் இருந்தது. கறுப்புத் தாள், நாலு மூலையிலும் ஒட்டின கார்னர், நடுவில் பட்டர் பேப்பர் போட்ட ஆல்பங்கள். ஒவ்வொரு போட்டோவாகப் பிரித்தெடுத்து 600 டிபிஐ-யில் ஸ்கேன் செய்தேன். ஒரு மாதம் ஆனது. கடைசியில் 214 போட்டோ. ஒவ்வொன்றும் 5 நொடி. கிட்டத்தட்ட 18 நிமிடம்.

செய்து முடித்து, கம்ப்யூட்டரில் போட்டுப் பார்த்தால் அருமையாக இருந்தது. இனி டிஸ்க்கில் ஏற்ற வேண்டியதுதான், ஒரு மணி நேர வேலை என்று நினைத்தேன். ஒன்பது நாள் ஆனது.

முதல் டிஸ்க்கில் நான் ஏற்றியது சாஃப்ட்வேரின் ப்ராஜெக்ட் ஃபைல். அதாவது, எந்தப் போட்டோ எங்கே வரணும் என்கிற குறிப்பு மட்டும். போட்டோ ஒன்றுகூட அதில் இல்லை. இதை இப்போதும் நிறைய பேர் செய்கிறார்கள். ஃபைல் சைஸ் சில நூறு கேபி-தான் இருக்கிறதென்றால் அது வீடியோ இல்லை.

இரண்டாவது டிஸ்க்கில் எம்பி4 வீடியோவை அப்படியே காப்பி செய்தேன். ‘டிஸ்க் எரர்’. மூன்றாவது டிஸ்க்கும் அதே கதை. டிஸ்க்தான் மட்டமோ என்று நினைத்து, புது டிஸ்க் வாங்க அண்ணா சாலைப் பக்கம் ரிச்சி ஸ்ட்ரீட்டுக்குப் போனேன். கடையில் இருந்த அண்ணன் நான் கொண்டுபோன டிஸ்க்கைப் போட்டுப் பார்த்துவிட்டுச் சொன்னார்:

"தம்பி, நீ இலையில அரிசியைக் கொட்டி வெச்சிருக்க. வடிச்சு சாதமாப் போட்டாத்தான் சாப்பிட முடியும்."

அந்த ஒரு வரியில் விஷயம் முழுக்க இருக்கிறது. அதைக் கொஞ்சம் விரித்துச் சொல்கிறேன்.

ப்ளேயருக்குத் தெரிந்த மொழி

டிவிடி ப்ளேயர் முதன்முதலில் ஜப்பானில் 1996-ல் விற்பனைக்கு வந்தது. அதற்குள் என்ன மாதிரி வீடியோ வரலாம் என்பது அப்போதே முடிவாகிவிட்டது. வீடியோ என்றால் எம்பெக்-2. டிஸ்க்குக்குள் ‘வீடியோ டிஎஸ்’ என்று ஒரு ஃபோல்டர், அதற்குள் ‘விஓபி’ என்று முடிகிற ஃபைல்கள், ஒவ்வொன்றும் 1 ஜிபி-க்கு மேல் போகக் கூடாது. எந்த ஃபைலை எப்போது போடணும் என்று சொல்ல ‘ஐஎஃப்ஓ’ ஃபைல்கள் தனி. சத்தம் ஏசி-3 அல்லது பிசிஎம் மாதிரி சில வகைகளில், 48 கிலோஹெர்ட்ஸில் இருக்க வேண்டும்.

இன்று நம் போனில் இருக்கும் வீடியோ பெரும்பாலும் எச்.264 அல்லது அதற்குப் பிந்தையது. எச்.264 வந்ததே 2003-ல். அதற்கு முன்னாடியே விதி எழுதி முடித்த ஒரு மெஷினிடம் போய், ‘ஏன் என் வீடியோவைப் போட மாட்டேங்குற’ன்னு கோபப்பட்டு என்ன பண்றது?

அதனால் எக்ஸ்போர்ட் என்பது ஒரு வேலை இல்லை, மூன்று வேலை. வீடியோவை எம்பெக்-2 ஆக மாற்றுவது முதல் வேலை. அதை அந்த ஃபோல்டர் அமைப்புக்குள் கொண்டுவருவது இரண்டாவது. இதற்கு ஆதரிங் என்று பெயர். டிஸ்க்கில் எழுதி, ‘ஃபைனலைஸ்’ செய்து மூடுவது மூன்றாவது. இதில் ஒன்று விட்டுப்போனாலும் ‘டிஸ்க் எரர்’தான். இந்த மூன்றையும் சேர்த்துச் செய்கிற டிவிடி மேக்கர் என்கிற புரோகிராம், விண்டோஸ் விஸ்டாவிலும் 7-லும் சில பதிப்புகளில் கூடவே வந்தது. விண்டோஸ் 8-ல் எடுத்துவிட்டார்கள். அதற்கப்புறம் வந்த தலைமுறைக்கு இந்த மூன்று வேலையும் இருப்பதே தெரியாமல் போனது இயல்புதான்.

"ப்ளாக் அண்ட் வைட் தானே?"

ரிச்சி ஸ்ட்ரீட் பாடத்துக்குப் பிறகு நான்காவது டிஸ்க்கை முறையாகச் செய்தேன். தினமும் கரண்ட் போகிற காலம் அது. 18 நிமிட வீடியோ மாற ஒன்றரை மணி நேரம் ஆகும். 97 சதவீதத்தில் கரண்ட் போகும். மறுபடி முதலில் இருந்து. கடைசியில் இரவு ஒரு மணிக்கு உட்கார்ந்து முடித்தேன்.

மறுநாள் கோட்டூர்புரத்துக்குக் கொண்டுபோய், தாத்தாவுடைய 21 இன்ச் பழைய டப்பா டிவியில் போட்டுப் பார்த்தேன். படம் ஓடியது! ஆனால் கலர் இல்லை. 1985-ல் எடுத்த கல்யாண போட்டோகூட கறுப்பு வெள்ளையில் வருகிறது. நான் தலையில் கை வைத்து உட்கார்ந்திருக்கிறேன். பாட்டி சொல்கிறாள்:

"நல்லாத்தானேடா இருக்கு? பழைய போட்டோ எல்லாம் ப்ளாக் அண்ட் வைட் தானே?"

காரணம் என்னவென்றால், சாஃப்ட்வேர் தானாகவே என்டிஎஸ்சி என்கிற அமெரிக்க முறையைத் தேர்ந்தெடுத்திருந்தது. நம்ம ஊர் டிவி முறை பால். அமெரிக்காவில் கரண்ட் நொடிக்கு 60 சுற்று, அதனால் அங்கே டிவியும் நொடிக்குக் கிட்டத்தட்ட 30 ஃப்ரேம். நமக்கு 50 சுற்று, எனவே 25 ஃப்ரேம். என்டிஎஸ்சி-யில் படம் 720-க்கு 480 புள்ளி, பாலில் 720-க்கு 576. கலரை அனுப்புகிற விதமும் வேறு. தாத்தாவின் டிவிக்கு அந்தக் கலர் புரியவில்லை, படம் மட்டும் புரிந்தது.

ஐந்தாவது டிஸ்க்கில் பால் முறைக்கு மாற்றினேன். கலர் வந்தது. இப்போது புடவை ஜரிகை எல்லாம் மினுக் மினுக்கென்று துடிக்கிறது. டப்பா டிவி ஒரு ஃப்ரேமை இரண்டு தடவையாக, ஒரு வரி விட்டு ஒரு வரி போடும். மெல்லிய குறுக்குக் கோடு அதில் ஒரு தடவை இருக்கும், அடுத்த தடவை இருக்காது. படத்தைக் கொஞ்சம் மங்கலாக்கினால்தான் அடங்கும். ஒரு மாதம் உட்கார்ந்து துல்லியமாக ஸ்கேன் செய்தவனுக்கு அதை வேண்டுமென்றே மங்கலாக்குவது எப்படி இருந்திருக்கும்னு நினைச்சுப் பாருங்க. ஆனாலும் செய்தேன். அந்த ஆறாவது டிஸ்க்தான் கடைசியில் சரியாக ஓடியது. அதை ஆறு காப்பி போட்டேன். சொந்தக்காரர்களுக்கு நாலு, தாத்தாவுக்கு ஒன்று, எங்கள் வீட்டுக்கு ஒன்று.

ஓரத்தில் நின்ற அக்கா

காலையில் மயிலாப்பூரில் விசேஷம் முடிந்து, சாயங்காலம் கோட்டூர்புரம் வீட்டில் எல்லாரும் உட்கார்ந்து பார்த்தோம். அத்தை அழுதாள். சித்தப்பா தன்னுடைய பெல்பாட்டம் பேண்ட்டைப் பார்த்து எழுந்து போய்விட்டார். தாத்தா ஒன்றும் பேசவில்லை. முடிந்ததும் ரிமோட்டை எடுத்து மறுபடி முதலில் இருந்து போட்டார்.

ஒரு போட்டோ வந்ததும் நிறுத்தினார். 1946-ல் கும்பகோணத்தில் எடுத்த குடும்பப் படம். தாத்தாவுக்கு அப்போது 14 வயது.

"இதுல இடது பக்கம் ஓரத்துல எங்க அக்கா நிப்பாளேடா. அவளைக் காணோமே?"

அந்த அத்தைப்பாட்டியை நான் பார்த்ததே இல்லை. சின்ன வயதிலேயே இறந்துவிட்டவர். அவர் இருந்த போட்டோ அது ஒன்றுதான். ஸ்லைடுஷோ சாஃப்ட்வேர் தானாகக் கொஞ்சம் ஜூம் செய்யும். அதில் வெட்டுப்பட்டிருக்கும் என்று நினைத்தேன். "ஆல்பத்துல இருக்காங்க தாத்தா. அடுத்த வாரம் சரி பண்ணி வேற டிஸ்க் தரேன்" என்றேன். அந்த அடுத்த வாரம் வரவே இல்லை. ஏழாவது டிஸ்க் போடுகிற தெம்பு எனக்கு இல்லை.

அப்புறம் ஒரு நாள் என் கம்ப்யூட்டரில் இடம் இல்லை. ஸ்கேன் செய்த ஃபோல்டரை ஒரு ஹார்ட் டிஸ்க்குக்கு மாற்றி, அதையும் தாத்தா வீட்டு பீரோவில், அந்த ஏழு ஆல்பத்துக்குப் பக்கத்திலேயே வைத்தேன். எல்லாம் ஒரே இடத்தில் பத்திரமாக இருக்கட்டும் என்று. என் கம்ப்யூட்டரில் இருந்ததை அழித்துவிட்டேன். ‘அதான் டிவிடி-ல இருக்கே!’

நான் முதல்ல சொன்னேனே, ரெண்டாவது தப்பு. அது இதுதான்.

டிசம்பர் 1

2015 டிசம்பர் 1 இரவு உங்களில் பலருக்கு நினைவிருக்கும். விடாத மழை, செம்பரம்பாக்கம் ஏரியிலிருந்து திறந்துவிட்ட தண்ணீர், இரண்டும் சேர்ந்து அடையாறு கரை தாண்டியது. கோட்டூர்புரத்தில் மேல்மாடி வீட்டுக்காரர்கள் தாத்தா பாட்டியை மேலே கூட்டிப் போய்விட்டார்கள். இரண்டு பேருக்கும் ஒன்றும் ஆகவில்லை. அதற்கு மேல் எதைக் கேட்டாலும் பேராசைதான்.

தண்ணீர் வடிந்த பிறகு பீரோவைத் திறந்தோம். கதவே சேற்றில் இறுகிக் கிடந்தது. ஆல்பங்கள் ஒரே கட்டியாக ஒட்டியிருந்தன. பிரித்தால் ஒரு போட்டோவின் முகம் இன்னொரு போட்டோவின் முதுகோடு உரிந்து வந்தது. ஹார்ட் டிஸ்க்கை ஆட்டினால் உள்ளே தண்ணீர். டிவிடி ப்ளேயரும், அதற்குள் இருந்த தாத்தாவின் டிஸ்க்கும் சேற்றில்.

தி.நகர் வீட்டில் இருந்த எங்கள் டிஸ்க்கைத் தேடி எடுத்தேன். ஓடியது. தாம்பரத்து உறவினர் வீட்டு டிஸ்க் ஓடவில்லை. அழகாக இருக்கட்டும் என்று அதன்மேல் ஸ்டிக்கர் ஒட்டியிருந்தார்கள். அந்தத் தாள் நாளடைவில் சுருங்கி, டிஸ்க் சுழலும்போது ஆட ஆரம்பித்துவிட்டது. நாம் வீட்டில் எழுதுகிற டிஸ்க்கில் ஒரு சாயப் பூச்சுதான் நம் போட்டோ. வெயிலும் சூடும் பட்டால் அந்தச் சாயமும் கெடும்.

சரி, ஒரு டிஸ்க்காவது இருக்கிறதே என்று ஒவ்வொரு போட்டோவாகப் படத்திலிருந்து எடுக்க உட்கார்ந்தேன். அப்போதுதான் கணக்குப் போட்டேன். 6-க்கு 4 இன்ச் போட்டோவை 600 டிபிஐ-யில் ஸ்கேன் செய்தால் 86 லட்சம் பிக்ஸல். டிவிடி-யின் ஒரு ஃப்ரேம் 720-க்கு 576, அதாவது 4 லட்சத்து 14 ஆயிரம். இருபதில் ஒரு பங்குகூட இல்லை. அதையும் ஜரிகை துடிக்கிறது என்று நானே மங்கலாக்கி வைத்திருக்கிறேன்.

கும்பகோணத்துப் படம் வந்தது. கம்ப்யூட்டர் திரையில் நிறுத்தினேன். இடது ஓரத்தில் ஒரு பெண் நிற்கிறாள்.

எனக்கு ஒரு நிமிடம் புரியவில்லை. ஜூம் எதையும் வெட்டவில்லை. அவர் அந்த டிஸ்க்கில் எப்போதும் இருந்திருக்கிறார். பழைய டப்பா டிவிகள் படத்தின் நாலு ஓரத்தையும் கொஞ்சம் திரைக்கு வெளியே தள்ளிவிடும். ஓவர்ஸ்கேன் என்பார்கள். தாத்தாவின் டிவி அத்தைப்பாட்டியை மறைத்துவிட்டது. கம்ப்யூட்டர் முழு ஃப்ரேமையும் காட்டும் என்பதால் இப்போது தெரிகிறார். மூன்று வருடம் முன்னால் நான் ஒரே ஒரு தடவை இப்படிப் பார்த்திருந்தால் போதும், அசல் ஸ்கேன் அப்போது கையில் இருந்தது.

லேப்டாப்பைத் தாத்தாவிடம் கொண்டுபோனேன். அந்த முகத்தின் உயரமே சுமார் 40 பிக்ஸல். பெரிதாக்கினால் வெறும் கட்டம் கட்டமாகத் தெரியும். தாத்தா கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு பார்த்தார்.

"தலைகூட வாராம வந்து நிக்கிறா பாரு" என்றார். அவ்வளவுதான் சொன்னார். ஸ்டாம்ப் சைஸில் ஒரு பிரிண்ட் போட்டுக் கொடுத்தேன். அதற்குமேல் பெரிதாக்க முடியாது.

காலியாக இருந்த இடம்

சரி, தோழிக்கு என்ன சொன்னேன்? உங்களுக்கும் பயன்படும், அதனால் இங்கேயும் சொல்கிறேன்.

முதலில், ப்ளே பட்டனை யார் அமுக்கப்போகிறார்கள் என்று பாருங்கள். பாட்டி வீட்டு டிவி புதுசு என்றால் பின்னாலோ பக்கவாட்டிலோ யுஎஸ்பி ஓட்டை இருக்கும். எச்.264 எம்பி4 வீடியோவைப் பென் டிரைவில் போட்டுக் கொடுத்தால் பெரும்பாலும் ஓடும். டிவிடி ப்ளேயரிலும் யுஎஸ்பி இருக்கலாம், ஆனால் பழைய ப்ளேயர்கள் பலதும் எச்.264-ஐ ஏற்காது. கொடுப்பதற்கு முன்னால் அந்த வீட்டிலேயே ஒரு தடவை போட்டுப் பாருங்கள்.

டிவிடி-தான் வேண்டும் என்றால், டேட்டா டிஸ்க் என்று போடாதீர்கள், டிவிடி வீடியோ என்று போடுங்கள். பால், 720-க்கு 576, 25 ஃப்ரேம். டிவி பழைய சதுர வடிவமா, அகல வடிவமா என்று பார்த்து 4:3 அல்லது 16:9. ஆதரிங்குக்கு டிவிடி ஸ்டைலர் மாதிரி இலவச சாஃப்ட்வேர் இருக்கிறது. ஹேண்ட்பிரேக் இதற்கு உதவாது, அது டிவிடி-க்குள் இருப்பதை வெளியே எடுக்கிற சாஃப்ட்வேர். எழுத்தையும் முகங்களையும் ஓரத்தில் வைக்காதீர்கள், நாலு பக்கமும் பத்தில் ஒரு பங்கு விட்டுவிடுங்கள். மெதுவான வேகத்தில் எழுதுங்கள், ஃபைனலைஸ் செய்யுங்கள், மேலே ஸ்டிக்கர் ஒட்டாதீர்கள்.

கடைசியாக ஒன்று. இதைச் சொல்லத்தான் இவ்வளவும் சொன்னேன்.

ஒரு டிவிடி-யின் கொள்ளளவு 4.7 ஜிபி. என்னுடைய 18 நிமிட வீடியோ, நல்ல தரத்தில் வைத்தும், சுமார் 1 ஜிபி. 214 ஸ்கேனும் ஜேபெக் ஆக, ஒன்று 4 எம்பி என்று வைத்தாலும், 1 ஜிபி-க்குள்தான் வரும். வீடியோ இருக்கிற அதே டிஸ்க்கில், தனி ஃபோல்டராக அசல் போட்டோக்களையும் போடலாம். ப்ளேயர் அதைக் கண்டுகொள்ளாது, படம் வழக்கம்போல ஓடும். கம்ப்யூட்டரில் போட்டால் அசல் கிடைக்கும். இரண்டும் சேர்ந்தும் பாதி டிஸ்க்கூட நிரம்பியிருக்காது.

ஆறு வீட்டுக்கு ஆறு டிஸ்க் கொடுத்தேன். ஆறு டிஸ்க்கிலும் பாதிக்கு மேல் காலி. வெறும் காலி இடத்தைப் பத்திரமாக ஆறு வீட்டில் வைத்திருந்தோம். அசலை மட்டும் ஆற்றங்கரையில் ஒரே பீரோவில் வைத்திருந்தோம்.

நீங்க போனில் ரீல் பண்ணினாலும் சரி, பென் டிரைவில் கொடுத்தாலும் சரி, இதே கதைதான். எக்ஸ்போர்ட் பண்ணினது பார்க்கிறவங்களுக்கு, அந்த மெஷினுக்கு ஏத்த மாதிரி சுருக்கினது. அசல் வேற. அசலை இன்னொரு ஊரில், இன்னொரு வீட்டில் ஒரு காப்பி வையுங்க.

தாத்தா இப்போ இல்லை. அந்த ஸ்டாம்ப் சைஸ் பிரிண்ட் அவருடைய கண்ணாடிக் கூட்டுக்குள்ள இருந்தது, இப்போ என்கிட்ட இருக்கு. தோழி நேற்று மெசேஜ் பண்ணியிருந்தாள். அஞ்சாவது டிஸ்க் மந்தைவெளியில் ஓடிடுச்சாம், பாட்டி ரெண்டு தடவை பார்த்தாளாம். ‘ஒரிஜினல் ஃபோல்டரும் உள்ள போட்டுட்டேன்’ என்று கடைசி வரியில் எழுதியிருந்தாள்.

உங்க வீட்டு ஆல்பம் இப்போ எந்தத் தட்டில் இருக்குன்னு இன்னிக்கு ராத்திரி ஒரு தடவை பார்த்துடுங்க. கீழ்த்தட்டுன்னா, மேல எடுத்து வெச்சுடுங்க. அடுத்த வாரம் பேசலாம்.